கட்டடத்தின் நாடி பார்ப்பது யார்?

2025ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் அமெரிக்க சர்க்கார் இந்தியச் சரக்குகளின் மீது மொத்தம் 50 சதவிகிதம் வரி சுமத்தியபோது திருப்பூரில் எழுந்த கூக்குரல் நியாயமானதே. வருஷத்துக்குச் சுமார் 40,000 கோடி ரூபாய் பெறுமான பின்னலாடைகளை வெளிநாடுகளுக்கு அனுப்பும் ஊர் அது. அதில் கணிசமான பகுதி அமெரிக்காவுக்கே போய்க்கொண்டிருந்தது. அந்த நாட்களில் பனியன் கம்பெனி முதலாளிகள் காசு காசாகக் கணக்குப் பார்த்தார்கள். நூல் விலையில் எவ்வளவு குறையும், தையல் கூலியில் எவ்வளவு பிடிக்கலாம், வாங்குகிற வெளிநாட்டு வியாபாரி எவ்வளவு விட்டுக்கொடுப்பான் என்றெல்லாம் இரவு பகலாக யோசித்தார்கள். தாங்கள் உட்கார்ந்து யோசித்த கட்டடத்தை நிமிர்ந்து பார்த்தவர்கள் வெகு சிலரே. அந்தக் கட்டடம் மணிக்கு எவ்வளவு பணத்தைக் காற்றாகவும் ஆவியாகவும் உஷ்ணமாகவும் கரைத்துக்கொண்டிருக்கிறது என்ற கணக்கு எந்தப் பேரேட்டிலும் ஏறவில்லை. இன்று நாம் எழுதப் புகுந்த விஷயம் அதுவே.

கட்டடத்துக்கும் வியாதி உண்டா என்று சிலர் நகைக்கலாம். உண்டு. அதைக் கண்டறிவதற்கென்று ஒரு தனி ஆராய்ச்சியே மேல்நாடுகளில் பல வருஷங்களாக நடந்து வருகிறது. ஆபீஸ், கடை, ஆஸ்பத்திரி முதலிய பெரிய கட்டடங்களில் குளிர்விக்கும் யந்திரமும் சூடேற்றும் யந்திரமும் ஒரே சமயத்தில் ஒன்றோடொன்று மல்லுக்கட்டிக்கொண்டு ஓடும். ஆளில்லாத இரவில் காற்றாடிகள் சுழன்றுகொண்டிருக்கும். சுவரிலுள்ள வெப்பமானி இரண்டு டிகிரி பொய் சொல்லும். அதை நம்பி யந்திரமும் தவறாக நடக்கும். வெளியே பார்த்தால் எல்லாம் ஒழுங்காகவே தோன்றும். பில் மட்டும் ஏறும். அமெரிக்காவில் பெர்க்லி நகரத்திலுள்ள லாரன்ஸ் தேசிய ஆராய்ச்சிசாலையார் 2016 முதல் 2020 வரை சுமார் 6,500 கட்டடங்களைச் சேர்த்து ஓர் இயக்கமே நடத்தினார்கள். யந்திரங்களின் ஓட்டக் கணக்கை இடைவிடாமல் ஆராய்ந்து குறை இன்ன இடத்தில் என்று காட்டும் முறையைக் கையாண்ட கட்டடங்களில், சக்திச் செலவு நடுத்தரமாக 9 சதவிகிதம் குறைந்தது. அதில் பெரும்பகுதி, இருக்கிற யந்திரத்தை ஒழுங்காக ஓட்டியதால் வந்த மிச்சம்.

திருப்பூரில் கண்ணாடி மாளிகைகள் குறைவு. தகரக் கூரையும் ஆஸ்பெஸ்டாஸ் அட்டையும் போட்ட கொட்டகைகளும், வீட்டின் மேல் மாடியாகக் கட்டிய ஹால்களுமே அதிகம். ஆகையால் இந்த ஆராய்ச்சி நமக்கு எதற்கு என்று கேட்பது பிசகு. குளிர்சாதனம் இல்லாவிட்டாலும் கட்டடம் கட்டடந்தான். அதற்குள் அழுத்தக் காற்று ஓடுகிறது, ஆவி ஓடுகிறது, வெளிச்சம் எரிகிறது, கூரை காய்கிறது, நூற்றுக்கணக்கான ஆண்களும் பெண்களும் உட்கார்ந்து வேலை செய்கிறார்கள். நோய்க்கு இடமில்லாத வீடு அன்று அது.

ஓர் உதாரணத்தை மட்டும் விஸ்தாரமாகச் சொல்லுகிறோம். நிட்டிங் யந்திரங்களில் எண்ணெய் இடுவதற்கும் பஞ்சுத்தூசியை ஊதித் தள்ளுவதற்கும் கம்ப்ரஸரிலிருந்து குழாய் வழியாக அழுத்தக் காற்று போகிறது. தையல் ஹாலிலும் அதற்கு வேலையுண்டு. குழாய்களின் இணைப்புகளிலும் வால்வுகளிலும் ரப்பர்க் குழல்களிலும் காற்று கசியும். தண்ணீர் கசிந்தால் தரை நனையும். காற்று கசிந்தால் கண்ணுக்குத் தெரியாது. யந்திரச் சத்தத்தில் காதுக்கும் கேட்காது. சரியாகப் பராமரிக்காத தொழிற்சாலைகளில் கம்ப்ரஸர் தருகிற காற்றில் 20 முதல் 30 சதவிகிதம் வரை இவ்வாறு வீணாவது உலகெங்கும் கண்ட அநுபவம். இதைக் கண்டுபிடிக்கப் பெரிய சாஸ்திரம் தேவையில்லை. ஞாயிற்றுக்கிழமை எல்லா யந்திரங்களையும் நிறுத்திவிட்டுக் கம்ப்ரஸரை மட்டும் ஓட்ட வேண்டும். காற்றை உபயோகிப்பவர் யாரும் இல்லாதபோது, அழுத்தம் நிறைந்தவுடன் அது சுமையிறக்கிச் சும்மா இருக்க வேண்டியது. அப்படியிருக்காமல் பத்து நிமிஷத்தில் மூன்று நிமிஷம் சுமையோடு ஓடினால், அதன் சக்தியில் 30 சதவிகிதம் ஓட்டைகளுக்கே போகிறது என்று அர்த்தம். வேண்டிய கருவி ஒரு கைக்கடிகாரந்தான். 15 கிலோவாட் கம்ப்ரஸர் ஒன்றில் இந்த அளவு வீண் போனால் மணிக்கு நாலரை யூனிட். நாளைக்குப் பத்து மணி நேரம், வருஷத்துக்கு 300 நாள் என்றால் 13,500 யூனிட். யூனிட் எட்டு ரூபாய் என்று வைத்துக்கொண்டால் ஒரு லட்சத்து எட்டாயிரம் ரூபாய். இது ஒரே ஒரு கம்ப்ரஸரின் கதை. அயர்னிங் மேஜைகளுக்குப் போகும் ஆவிக் குழாய்களில் உறையில்லாத இடங்களையும், வேலை செய்யாமல் ஆவியை அப்படியே வெளியே விட்டுக்கொண்டிருக்கும் ஸ்டீம் டிராப்புகளையும் எண்ணத் தொடங்கினால் இந்தப் பத்திரிகையில் இடம் போதாது.

இவ்வளவும் தெரிந்திருந்தும் ஏன் செய்வதில்லை? முதலாளிகளின் அசட்டை என்று சொல்லிவிடுவது சுலபம். அது பாதி உண்மைகூட அன்று. திருப்பூர்க்காரர் புதுமைக்குப் பின்வாங்குகிறவர் அல்ல. தையல் மிஷின்களில் முன்பு கிளட்ச் மோட்டார் இருந்தது. ஊசி ஓடினாலும் ஓடாவிட்டாலும் அது நாள் முழுவதும் சுற்றிக்கொண்டே இருக்கும். காலால் மிதித்தபோது மட்டும் சுற்றும் சர்வோ மோட்டார் வந்தவுடன் ஊரெங்கும் அது பரவிற்று. யாரும் பிரசங்கம் செய்யவில்லை. எந்த ஆராய்ச்சிசாலையும் பிரசுரம் வெளியிட வேண்டியிருக்கவில்லை. ஏனெனில், சர்வோ மோட்டாரை விற்க வியாபாரி இருந்தான். அவன் கம்பெனி கம்பெனியாகப் படியேறினான், மிச்சத்தைக் கணக்குப் போட்டுக் காட்டினான், தவணைக்கும் கொடுத்தான். ஓட்டையை அடைப்பதற்கு வியாபாரி இல்லை. பத்து ரூபாய் வாஷர் விற்று எவன் பிழைக்க முடியும்? நோயைக் கண்டுபிடிப்பதில் யாருக்கும் லாபமில்லாததால், கண்டுபிடிக்கும் வித்தை ஆராய்ச்சி அறிக்கைகளிலேயே தங்கிவிட்டது. விஷயத்தின் மர்மம் முழுவதும் இதிலே அடங்கியிருக்கிறது என்பது நமது துணிபு.

சர்க்காரின் உதவிகளும் இந்த வழியையே பின்பற்றுகின்றன. 2025 ஜூலையில் மத்திய சர்க்கார் சிறு, நடுத்தரத் தொழில்களின் சக்திச் சிக்கனத்துக்காக 1,000 கோடி ரூபாய்த் திட்டம் ஒன்றைத் தொடங்கியது. குறு, சிறு தொழில்களுக்கு வட்டியில் 5 சதவிகிதமும் நடுத்தரத் தொழில்களுக்கு 3 சதவிகிதமும் சலுகை. தணிக்கை செய்வதற்கும் அதில் உதவி உண்டு. அதை நாம் வரவேற்கிறோம். ஆயினும் வட்டிச் சலுகை கடனுக்குத்தானே? கடன் யந்திரத்துக்குத்தானே? கடன் வாங்க வேண்டிய அவசியமே இல்லாத மராமத்துக்கு அந்தத் திட்டத்தில் பிரமாத ஸ்தானம் கிடைக்காது. சட்டத்தின் கையும் இவ்வளவு தூரம் நீளவில்லை. 2001ஆம் வருஷத்துச் சக்திச் சேமிப்புச் சட்டம் ஜவுளித் தொழிலில் வருஷத்துக்கு 3,000 டன் எண்ணெய்க்குச் சமமான சக்தியைச் செலவிடும் பெரிய ஆலைகளைக் கணக்குக் காட்டச் சொல்லுகிறது. வியாபாரக் கட்டடங்களுக்கான விதிகள் 100 கிலோவாட் மின்சார இணைப்பிலிருந்துதான் தொடங்குகின்றன. ஐம்பது மிஷின் வைத்துக்கொண்டு ஜாப் ஒர்க் செய்யும் பவர் டேபிள்காரர் இந்த இரண்டு வலைகளுக்கும் கீழே நீந்திப் போய்விடுகிறார். போதாக்குறைக்கு, கட்டடம் அவருடையதாகவும் இருப்பதில்லை. கூரை வீட்டுக்காரருடையது, கரண்டு பில் இவருடையது, உஷ்ணம் தொழிலாளியுடையது. மூவரில் யார் சுண்ணாம்பு அடிப்பது?

தணிக்கை செய்தாலே போதும் என்று நினைப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. அமெரிக்காவில் 1976 முதல் சர்வகலாசாலை மாணவர்களைக் கொண்டு சிறு தொழிற்சாலைகளை இலவசமாகச் சோதிக்கும் ஏற்பாடு ஒன்று நடந்து வந்தது. இருபதினாயிரத்துக்கு மேற்பட்ட சோதனைகள் நடந்தன. நல்ல காரியம், நாமும் அதிலிருந்து கற்றுக்கொள்ள வேண்டியது அதிகம். ஆனால், அந்தக் கணக்குகளைப் பின்னால் ஆராய்ந்தவர்கள், சொன்ன யோசனைகளில் ஏறக்குறையப் பாதியே அநுஷ்டானத்துக்கு வந்ததாகக் கண்டார்கள். இலவசமாக வந்து, லாபம் இவ்வளவு என்று எழுதிக் கொடுத்தும் பாதிதான்! வருஷத்துக்கொரு முறை வந்து போகும் வைத்தியர் மருந்துச் சீட்டு எழுதலாம். தினம் மருந்து கொடுக்க வீட்டில் ஓர் ஆள் வேண்டும்.

நம் பக்கத்திலேயே இதற்கு ஒரு வழிகாட்டி இருக்கிறது. திருப்பூரிலிருந்து ஐம்பது கிலோமீட்டர் தூரத்தில், கோயமுத்தூரில், 1956ஆம் வருஷத்தில் தென்னிந்திய ஜவுளி ஆராய்ச்சிச் சங்கம் தோன்றிற்று. ‘சிட்ரா’ என்றால் ஆலைக்காரர் அனைவரும் அறிவர். அதற்கு முன்னோடி, 1947இல் விக்ரம் சாராபாய் ஆமதாபாத்தில் அமைத்த ‘அதிரா’. ஆராய்ச்சி செய்து அச்சிட்டு அனுப்பினால் ஆலைகள் ஏற்றுக்கொண்டுவிடும் என்று ஆமதாபாத்தில் எண்ணவில்லை. யந்திரத்தை ஆராய்வதற்குப் பிரிவுகள் வைத்ததோடு, மனித உறவுகளை ஆராய்வதற்கும் கமலா சௌத்ரியின் கீழ் ஒரு பிரிவு வைத்தார்கள். கோயமுத்தூர்ச் சங்கம் செய்த பெரிய உபகாரம், ஆலைகளின் கணக்குகளை ஒன்றோடொன்று ஒப்பிட்டுக் காட்டியது. பக்கத்து ஆலையில் ஒரு கிலோ நூலுக்கு இத்தனை யூனிட் ஆகிறது, நமக்கு இவ்வளவு ஆகிறதே என்ற கேள்வி பிறந்தது. இன்று கோவை ஜில்லாவின் நூற்பாலை மானேஜர் எவரையும் எழுப்பிக் கேட்டாலும், கிலோவுக்கு எத்தனை யூனிட் என்பதைத் தூக்கத்திலேயே சொல்லுவார். ஆராய்ச்சி அன்றாட வழக்கமாவது என்றால் இதுதான். விஞ்ஞானியின் அளவுகோல் மேஸ்திரியின் வாய்ச்சொல்லாக மாற வேண்டும். திருப்பூரிலோ, ஒரு டஜன் டீ-ஷர்ட்டுக்கு எத்தனை யூனிட் என்று கேட்டால் பதில் சொல்லக்கூடியவர்கள் எத்தனை பேர்? கரண்டு பில் மொத்தமாக வருகிறது, மொத்தமாகக் கட்டப்படுகிறது. எந்தத் தளம் தின்றது, எந்த யந்திரம் தின்றது என்று சொல்லத் தளவாரி மீட்டர் கிடையாது. அளவில்லாத இடத்தில் வெட்கமும் இல்லை, போட்டியும் இல்லை.

இதுவரை பணத்தைப் பற்றியே பேசினோம். அதைவிடப் பெரிய விஷயம் ஒன்று உண்டு. எந்த நூற்பாலைக்கும் போய்ப் பாருங்கள். ஒவ்வொரு பகுதியிலும் ஈர வெப்பமானியும் உலர் வெப்பமானியும் தொங்கும். வேளை தவறாமல் அளவு பார்த்துப் பதிவு செய்வார்கள். காற்றின் ஈரம் குறைந்தால் நூல் அறும் என்பதால் இவ்வளவு சிரத்தை. அதே நூல் பின்னித் துணியாகி, திருப்பூர்த் தையல் ஹாலுக்கு வருகிறது. அங்கே நூலுக்குப் பயமில்லை. ஆகையால் வெப்பமானியும் இல்லை. சித்திரை மாதத்து மத்தியானத்தில் தகரக் கூரையின் கீழ், மதுரை ஜில்லாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் ஒடிஸாவிலிருந்தும் வந்த பெண்கள் ஓவர்லாக் மிஷினில் குனிந்திருக்கிறார்கள். நூலுக்குக் கிடைத்த மரியாதை அவர்களுக்குக் கிடைக்கவில்லை என்று சொல்ல நாம் தயங்கவில்லை.

தயவு தாட்சண்யம் வேண்டாம், லாபக் கணக்கே போதும் என்கிறவர்களுக்கும் பதில் இருக்கிறது. பெங்களூரிலும் அதன் சுற்றுப்புறங்களிலும் உள்ள ஆடைத் தொழிற்சாலைகளில் தையல் வரிசைகளின் குழல் விளக்குகளை மாற்றி எல்.இ.டி. விளக்குகள் போட்டபோது என்ன நடந்தது என்பதை அத்வர்யு, காலா, நிஷாதம் என்ற மூன்று பொருளாதார நிபுணர்கள் நாள்வாரிக் கணக்குகளைக் கொண்டு ஆராய்ந்து, 2020இல் வெளியிட்டார்கள். எல்.இ.டி. மின்சாரத்தை மிச்சப்படுத்துவது எல்லோரும் அறிந்தது. அது உஷ்ணத்தையும் குறைவாக வெளிவிடுகிறது; அதனால் வெயில் கடுமையான நாட்களில் தையற்காரர்களின் உற்பத்தி முன்போல் விழவில்லை. மின்சார மிச்சத்தை மட்டும் எண்ணினால் முதல் திரும்புவதற்கு ஆகும் காலத்தைவிட, உற்பத்தியையும் சேர்த்து எண்ணினால் ஆகும் காலம் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்குதான். 2021இல் வெளிவந்த வேறோர் ஆராய்ச்சி இந்திய தேசத்தின் தொழிற்சாலைக் கணக்குகளைத் திரட்டிப் பார்த்து, வருஷத்தின் வெப்பம் ஒரு டிகிரி ஏறினால் தொழிற்சாலையின் உற்பத்தி சுமார் 2 சதவிகிதம் குறைகிறது என்று கண்டது. உஷ்ண நாட்களில் வேலை மந்தப்படுவதையும் ஆள் வராமல் போவதையும் அது எடுத்துக்காட்டிற்று. ஆகவே கூரையின் சூடு தொழிலாளியின் கஷ்டத்தோடு நிற்பதில்லை. முதலாளியின் பெட்டியிலும் கை வைக்கிறது. கணக்கில் எழுதாததனால் அவருக்குத் தெரியவில்லை, அவ்வளவே.

சட்டம் என்ன சொல்லுகிறது என்பதையும் பார்ப்போம். 1948ஆம் வருஷத்துத் தொழிற்சாலைச் சட்டத்தின் 13ஆவது பிரிவு, வேலை செய்யும் இடத்தில் நல்ல காற்றோட்டமும் சகிக்கத்தக்க வெப்பமும் இருக்க வேண்டுமென்றும், சுவரும் கூரையும் அதற்கேற்ற பொருளால் அமைய வேண்டுமென்றும் விதித்தது. அதோடு நிற்கவில்லை. குறிப்பிட்ட இடங்களில் அளவுகோல் கருவிகளை வைத்துப் பதிவு வைக்கும்படி உத்தரவிட மாகாண சர்க்காருக்கு அதிகாரமும் கொடுத்தது. எழுபது வருஷங்களுக்கு மேல் அந்த அதிகாரம் ஏட்டிலே இருந்தது. தையல் ஹால்களின் சுவரிலே அது தொங்கக் காணோம். 2025 நவம்பரில் புதிய தொழிற் சட்டத் தொகுப்புகள் அமலுக்கு வந்துவிட்டன. புது விதிகளின் கீழாவது இதைச் செய்விக்க வேண்டும். 2024இல் வெப்ப அலையை மாகாணத்தின் பேரிடர்களில் ஒன்றாகச் சென்னை சர்க்கார் அறிவித்தார்கள். இறந்தபின் குடும்பத்துக்கு உதவித்தொகை கொடுக்க முன்வந்த சர்க்கார், உயிரோடிருப்பவர் உட்காரும் ஹாலில் ஒரு வெப்பமானி தொங்கவிடச் சொல்வதில் தயக்கம் காட்டலாகாது.

இதற்கெல்லாம் ஆட்சேபங்கள் எழும். கணக்கைக் காட்டினால் தொழில் ரகசியம் போய்விடும் என்பார்கள். கம்பெனியின் பெயரை எழுத வேண்டாம். எண்ணை மட்டும் எழுதினால் போதும். தன் எண் எது என்று அவரவருக்குத் தெரியும். ஊராருக்குத் தெரிய வேண்டிய அவசியமில்லை. சிறு பட்டறைகளால் அளந்துகொண்டிருக்க முடியாது என்பார்கள். 2011 ஜனவரி 28ஆம் தேதி சென்னை ஹைக்கோர்ட்டு சாயப்பட்டறைகளை மூடச் சொன்னதற்கு முன் அவர்களும் இப்படித்தான் சொன்னார்கள். நொய்யல் நதியைப் பாழாக்கிய பின், கோர்ட்டு அடித்துச் சொன்ன பின், கழிவு நீர் ஒரு சொட்டும் வெளியே போகாதபடி சுத்திகரித்து, உள்ளே போன நீருக்கும் வெளியே வந்த நீருக்கும் கணக்கு எழுதக் கற்றுக்கொண்டார்கள். அந்த வித்தை திருப்பூருக்குப் புதிதன்று. கோர்ட்டு உத்தரவு இல்லாமல் அதைச் செய்யலாம் என்பதுதான் புதிது. அதற்கு முந்திய சரித்திரமும் உண்டு. கதர் இயக்க காலத்தில் தமிழ்நாட்டுக் கதருக்கு மையமாக விளங்கிய ஊர் இது. 1925இல் மகாத்மா அமைத்த அகில பாரத சர்க்கா சங்கத்தில் முதல் வகுப்பு அங்கத்தினர் ஒவ்வொருவரும் தாமே நூற்ற 1,000 கெஜம் நூலை மாதாமாதம் சந்தாவாக அனுப்ப வேண்டியிருந்தது. நூல் நன்கு முறுக்கேறியும் சமமாகவும் இருக்க வேண்டுமென்பது நிபந்தனை. எழுத்தறியாத கிழவியும் தன் நூலைக் கெஜத்தால் அளந்தாள். இன்றைய கம்பெனியில் கம்ப்யூட்டர் இருக்கிறது. அளப்பதற்கு மனந்தான் இல்லை.

இன்னொரு வேடிக்கையும் சொல்ல வேண்டும். பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஆனி, ஆடி மாதங்களில் வீசும் காற்றை நம்பித் திருப்பூர் முதலாளிகள் பல்லடம், உடுமலைப் பக்கங்களில் காற்றாலைகள் நிறுவியிருக்கிறார்கள். வெளிநாட்டு வியாபாரிகளிடம் அதைப் பெருமையோடு எடுத்துச் சொல்லுகிறார்கள். பெருமைப்பட வேண்டிய விஷயமே. ஆனால், அதே காற்று வந்து மோதும் தையல் ஹாலின் ஜன்னல்களை அட்டைப் பெட்டிகள் அடுக்கி மறைத்துவிட்டு, உள்ளே காற்றாடி சுழற்ற அந்த மின்சாரத்தைச் செலவிடுகிறார்கள்.

என்ன செய்யலாம்? திருப்பூர் ஏற்றுமதியாளர் சங்கம் 1990 முதல் நடந்து வருகிறது, அதன் ஆதரவில் தோன்றிய நிப்ட்-டீ கல்லூரி இருக்கிறது, பாலிடெக்னிக்குகள் இருக்கின்றன, கோயமுத்தூரில் சிட்ரா இருக்கிறது. புதிய ஸ்தாபனம் ஒன்றும் தேவையில்லை. மாணவர் இருவர் சேர்ந்து ஒரு கம்பெனிக்குப் பொறுப்பேற்று, மாதம் ஒரு முறை போக வேண்டும். ஞாயிற்றுக்கிழமைக் கம்ப்ரஸர் சோதனை, ஆவிக் குழாய்ச் சோதனை, தளவாரி மீட்டர் அளவு, தையல் ஹாலில் மத்தியானத்து வெப்பம்: இவை நான்கையும் ஒரே மாதிரியான பாரத்தில் எழுத வேண்டும். சென்ற மாதம் சொன்ன குறையை இந்த மாதம் சரிசெய்தார்களா என்பதே முதல் கேள்வியாக இருக்க வேண்டும். கம்பெனியில் இதற்கென்று ஒருவர் பெயர் குறித்திருக்க வேண்டும். மெக்கானிக்கோ எலக்ட்ரீஷியனோ யாராயினும் சரி. மிச்சப்பட்ட பணத்தில் அவருக்கு ஒரு பங்கு கொடுத்தால் ஓட்டையைத் தேடிப் பிடிக்க அவருக்கும் ஓர் ஆவல் பிறக்கும். வெப்பமானியின் அளவை மட்டும் தையல் வரிசையில் உட்காருகிறவர்களில் ஒருவர் எழுத வேண்டும் என்பது நமது கட்சி. மானேஜர் அறையின் காற்றாடிக்குக் கீழிருந்து எழுதிய அளவு யாருக்கும் பிரயோஜனப்படாது. தொழிற்சங்கங்கள் கூலிப் பேச்சு வார்த்தையில் இதையும் ஒரு கோரிக்கையாகச் சேர்த்துக்கொண்டால் நாம் ஆச்சரியப்பட மாட்டோம். இதுவரை சேர்க்காததே ஆச்சரியம்.

செலவைச் சங்கம் அங்கத்தினர் சந்தாவிலிருந்து ஏற்கலாம். முதல் வருஷத்துக்குச் சர்க்கார் பாதி கொடுக்கலாம். முதலில் ஐம்பது பவர் டேபிள் கம்பெனிகள் போதும். பெரிய கம்பெனிகள் தங்களைப் பார்த்துக்கொள்ளும். கூரைக்கு வெள்ளை அடிக்கும் வேலை மாசி மாதத்துக்குள் முடிந்தால்தான் சித்திரையில் அதன் பலன் தெரியும். தூசி படிந்தால் மறு வருஷம் திரும்ப அடிக்க வேண்டும் என்பதையும் பாரத்திலேயே அச்சடித்துவிடலாம். இதற்கு மகாநாடு கூட்டி, மந்திரியை அழைத்து, மாலை போட வேண்டியதில்லை. சங்கத்தாரும் கல்லூரியாரும் தொழிற்சங்கத்தாரும் ஒரு சாயங்காலம் ஒரே மேஜையைச் சுற்றி உட்கார்ந்தால் போதும்.